புன்யோல் தக்காளிச் சண்டை: எந்த டிக்கெட் எடுக்கலாம், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்

ஸ்பெயினின் புன்யோல் என்ற சின்ன ஊரில் ஆகஸ்ட் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை நடக்கிற தக்காளிச் சண்டைதான் லா டொமாட்டினா. அதற்கு டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டால், வெறும் நுழைவு டிக்கெட்டைத் தயங்காமல் எடுக்கலாம். பக்கத்துப் பெரிய நகரமான வலென்சியாவிலிருந்து பஸ்ஸும் சேர்ந்த டிக்கெட் கிடைத்தால் அதைவிட நல்லது. டி-ஷர்ட், சங்ரியா என்கிற பழம் போட்ட ஒயின், மாலையில் டிஜே பார்ட்டி என்று அடுக்கிக்கொண்டே போகிற பேக்கேஜ்களுக்குக் கொடுக்கும் பணம் வீண். மதியம் ஒரு மணிக்கு மேல் தக்காளிச் சாற்றில் ஊறி, கால் வலியோடு வெளியே வருகிறவருக்கு வேண்டியது தண்ணீரும் மாற்றுத் துணியும் பஸ்ஸில் ஒரு இருக்கையும்தான்.

2012 வரை இதற்கு டிக்கெட்டே கிடையாது. பத்தாயிரம் பேர்கூட வசிக்காத ஊரின் ஓரிரு தெருக்களுக்குள் 40,000 பேருக்கு மேல் வந்து நெருக்கத் தொடங்கியதும், 2013இல் ஊர் நிர்வாகம் சுமார் 20,000 பேர் என்று வரம்பு வைத்தது. அதில் 5,000 இடம் உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம், வெளியூர்க்காரர்களுக்கு 10 யூரோ. அண்மை ஆண்டுகளில் அது 15 யூரோ ஆகியிருக்கிறது. கையில் கட்டும் பட்டை, அடைக்கப்பட்ட தெருக்களுக்குள் நுழைவு, ஒரு மணி நேரத்துக்கு எறிந்து தீராத தக்காளி, பாதுகாப்பு, முதலுதவி, முடிந்ததும் குளிக்கத் தண்ணீர் எல்லாம் அந்தக் காசுக்குள் அடக்கம். கூட்டத்தைப் பாதியாகக் குறைத்ததுதான் இதிலேயே பெரிய லாபம். 2013க்கு முந்தைய வீடியோக்களைப் பார்த்துப் பயந்தவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிக்கெட்டை விழாவின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ, அதில் பெயர் போட்டிருக்கும் முகவர்களிடமோ வாங்குங்கள். இதே நுழைவை இரண்டு மூன்று மடங்கு விலை வைத்து விற்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன. வாங்குமுன் கேட்க வேண்டியவை: விலையில் நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, கைப்பட்டையை எங்கே, எப்போது தருவார்கள், திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு. சில பேக்கேஜ்களில் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு வாங்கியிருப்பார்கள், நுழைவு தனி. பட்டையை முந்தின நாளே வலென்சியாவில் தருகிற முகவராக இருந்தால் காலை நேரம் மிச்சம்.

புன்யோல் வலென்சியாவிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். மாட்ரிட் போகிற ஏ-3 நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. வாடகைக் கார் வேண்டாம். அன்று ஊருக்குள் கார் போக முடியாது, தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், தக்காளியில் நனைந்த உடம்போடு காரை ஓட்டித் திருப்பிக் கொடுப்பது இன்னொரு தலைவலி. சி-3 புறநகர் ரயில் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும் மலிவான வழி. ஆனால் 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா வட்டாரத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் அந்தப் பாதை கடுமையாகச் சேதமடைந்தது. ஆகவே ரயிலை நம்புகிறவர்கள் போகிற வாரத்தில் அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டமிட வேண்டும். திரும்பும்போது ரயில் நிலையத்தில் வரிசை நீண்டுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பஸ்தான் சரி. காலை 7, 8 மணி வாக்கில் கிளம்புகிற பஸ்ஸை எடுங்கள். ஊருக்கு வெளியே நிறுத்துவார்கள், அங்கிருந்து இறக்கத்தில் நடை. போகும்போது சுலபமாகத் தெரிகிற அந்த வழி, திரும்பும்போது வெயிலில் ஏற்றமாக மாறிவிடும். நிறுத்துமிடத்தில் ஒரே மாதிரி வெள்ளைப் பஸ்கள் வரிசையாக நிற்கும். இறங்கியதும் வண்டி எண்ணையும் பக்கத்தில் இருக்கும் ஏதாவது அடையாளத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளியோடு ஏற ஓட்டுநர்கள் விடமாட்டார்கள். மாற்றுத் துணி, துண்டு, செருப்பு, நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் பை ஆகியவற்றைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போக முடிந்தால் நல்லது. முடியாதென்றால் ஊருக்குள் காசுக்குப் பை வைத்துக்கொள்கிற இடங்கள் உண்டு. பை எடுக்கும் நேரத்தில் அங்கேயும் கூட்டம் மொய்க்கும்.

நேர விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகளில் சண்டை காலை 11 முதல் 12 வரை என்றிருக்கும். இப்போது 12 முதல் 1 வரை. அதற்காகப் பதினொன்றரைக்குப் போய் இறங்காதீர்கள். காலையில் நடக்கிற பாலோ ஹபோன் நம் வழுக்குமரமேதான்: சோப்பும் கொழுப்பும் தடவிய உயரமான கம்பம், அதன் உச்சியில் பன்றித்தொடை ஹாம் ஒன்று. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, வழுக்கி, மொத்தமாகச் சரிந்து, மறுபடி ஏறுவார்கள். ஹாமை எடுத்தால்தான் தக்காளி வரும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் ஹாம் மேலேயே தொங்கினாலும் மணி 12 ஆனால் சண்டை தொடங்குவதற்கான வெடி வெடித்துவிடும். இந்த நேரத்தில் வெயிலில் காய்கிற கூட்டம் ‘ஆகுவா, ஆகுவா’ என்று தண்ணீர் கேட்டுக் கத்தும். மாடியிலிருந்து உள்ளூர்க்காரர்கள் வாளியாலும் ஹோஸ் குழாயாலும் ஊற்றுவார்கள். இந்த இரண்டு மணி நேரத்தைத் தவறவிட்டவர்கள் பாதி விழாவைத் தவறவிட்டவர்கள். ஆகஸ்ட் வெயில் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியிருக்கும். பத்து மணிக்குள் வயிறாரச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போங்கள், பிறகு வாய்ப்புக் கிடைக்காது. கழிப்பறை வேலையும் அப்படியே.

அடுத்து, எங்கே நிற்பது. இதைப் பொறுத்துத்தான் அந்த ஒரு மணி நேரம் கொண்டாட்டமாகவோ அவதியாகவோ ஆகிறது. மையம் ஊர்ச் சதுக்கமான ப்ளாசா டெல் புவெப்லோவும் அதை ஒட்டிய காயே டெல் சித் தெருவும். வீடுகளின் சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் முந்தின நாளே தார்ப்பாயாலும் பிளாஸ்டிக்காலும் மூடப்பட்டிருக்கும். தெரு குறுகல், அதற்குள் லாரி வரவேண்டும். லாரி நெருங்கும்போது பாதுகாப்பு ஊழியர்கள் முன்னால் நடந்து கூட்டத்தை இரண்டு பக்கமும் ஒதுக்குவார்கள். ஒதுங்க இடமில்லாத தெருவில் முதுகு சுவரோடும் நெஞ்சு முன்னால் இருப்பவர் முதுகோடும் ஒட்டிவிடும், லாரியின் பக்கவாட்டு ஒரு கை தூரத்தில் போகும். இந்த விழாவில் பயப்பட வேண்டியது தக்காளிக்கு அல்ல, இந்தச் சில நிமிட நெரிசலுக்குத்தான்.

நெரிசல் பிடிக்காதவர்கள் பக்கத் தெரு வந்து சேரும் முனையில் நிற்க வேண்டும். லாரி வரும்போது இரண்டடி பின்வாங்கலாம், போனதும் முன்னால் வரலாம். உயரம் குறைந்தவர்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் இந்த இடமே போதும். சதுக்கத்தின் நடுவில் தக்காளி அதிகம், தள்ளுமுள்ளும் அதிகம். சதுக்கத்தை விட்டு ரொம்பத் தள்ளிப் போனால் லாரி வருகிறபோது மட்டும் நாலு தக்காளி கிடைக்கும், மீதி நேரம் வேடிக்கைதான். கையை எப்போதும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்திருங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். லாரி ஓடும்போது கீழே விழுந்த எதையும் குனிந்து எடுக்கக் கூடாது. கழன்ற ஷூவாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

முதல் வெடிக்குப் பிறகு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆறேழு வரும். மேலே நிற்பவர்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்கள் முதலில் கூட்டத்தின் மேல் எறிவார்கள். சில இடங்களில் லாரி நின்று பின்பெட்டியைச் சாய்க்கும். முழுத் தக்காளியும் கூழும் சாறுமாகச் சரிந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல் விழும். எல்லோரும் அதை நோக்கிப் பாய்வார்கள். அந்தக் குவியலில் கை விட்டால் மேலே இருப்பது வெயிலில் சுட்டிருக்கும், அடியில் இருப்பது சில்லென்று இருக்கும். எடுத்ததை உள்ளங்கையில் வைத்துத் தோல் வெடிக்கும்வரை நசுக்கிவிட்டு எறிய வேண்டும். இது விதி, நாகரிகத்துக்காகச் சொல்வதில்லை. நசுக்காத தக்காளி பக்கத்திலிருந்து கண்ணிலோ காதிலோ பட்டால் நன்றாகவே வலிக்கும். நசுக்கியது நாலைந்து மீட்டருக்கு மேல் ஒழுங்காகப் போகாது, ஆகவே தூரத்தில் இருப்பவரைக் குறிவைப்பதில் பயனில்லை. காய்த்தன்மையோடு கெட்டியாக ஏதாவது கையில் வந்தால் கீழே போட்டு மிதித்துவிடுங்கள். இருபது நிமிடம் கழித்துத் தரையில் முழுத் தக்காளி என்று ஒன்று இருக்காது. கூழைத்தான் கையால் அள்ளி வீசுவார்கள், அதற்குள் தொலைந்த ஷூவும் சிதறிய கண்ணாடியும் கலந்திருக்கலாம் என்பதால் மேலாக அள்ளுவதே நல்லது.

மற்ற விதிகளும் சுருக்கமானவை. பாட்டிலோ கெட்டியான பொருளோ உள்ளே கொண்டுவரக் கூடாது. அடுத்தவர் சட்டையைக் கிழிக்கக் கூடாது. லாரியிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். இரண்டாவது வெடி கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட வேண்டும். கடைசி விதியைக் கூட்டம் நன்றாகவே மதிக்கிறது. சட்டை விதியை அவ்வளவாக மதிப்பதில்லை. பெரும்பாலும் ஆண்களின் பனியனைத்தான் கிழிக்கிறார்கள், கிழித்ததை நனைத்து முடிந்து எறிகிறார்கள், அது தக்காளியைவிட மோசமாக அடிக்கும். இதில் பாதுகாப்பு ஊழியர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம். பெண்கள் உள்ளே நீச்சலுடை, மேலே இறுக்கமான டி-ஷர்ட் என்று வருவது நல்லது. நெரிசலைச் சாக்காக வைத்துக் கை வைக்கிறவர்கள் இங்கேயும் உண்டு. நாலைந்து பேராகச் சேர்ந்து, பக்கத் தெரு முனையில் நிற்பதும், தொந்தரவு என்றால் உடனே ஊழியரைக் கூப்பிடுவதும் நடைமுறையில் உதவும்.

உடுப்பில் முக்கியமானது ஷூ. கயிறு கட்டுகிற பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ, அடிப்பாகம் தேயாதது, இரட்டை முடிச்சு. செருப்பு போட்டு வந்தவர்கள் பத்து நிமிடத்தில் வெறுங்காலோடு நிற்பார்கள், கணுக்கால் வரை கூழ் நிற்கிற கல்தரையில் அது ஆபத்து. அன்று போட்டதை அன்றே எறிந்துவிடுகிற எண்ணத்தோடு வாருங்கள், துவைத்தாலும் வாடை போகாது. கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. அதன் உட்பக்கம் துளி ஷாம்பு தடவி லேசாக அலசிவிட்டால் ஆவி படியாது. படிந்துவிட்டால் பலரும் கழற்றித் தக்காளிக் கையாலேயே துடைக்கிறார்கள், எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. தக்காளிச் சாறு புளிப்பு, கண்ணில் பட்டால் எரியும், தேய்த்தால் இன்னும் எரியும். ஒரு கைக்குட்டையை ஜிப் கவரில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டால் துடைக்கச் சுத்தமான துணி இருக்கும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். பார்வைக்கண்ணாடி போடுகிறவர்கள் தலைக்குப் பின்னால் பட்டையால் கட்ட வேண்டும். காதுக்கு நீச்சல்காரர்கள் வைக்கும் அடைப்பான் வைக்கலாம், இல்லாவிட்டால் இரண்டு நாளைக்குக் காதிலிருந்து விதை வரும். அன்று காலை சவரம் வேண்டாம். சன்ஸ்க்ரீனை நெற்றியில் தடவாதீர்கள், அது சாற்றோடு வழிந்து கண்ணுக்கே வரும். கழுத்துக்கும் கைக்கும் போதும். நீள முடியைப் பின்னி இறுக்கிக் கட்டுங்கள்.

போன் எடுத்துப் போவதென்றால் கழுத்தில் மாட்டும் வாட்டர்ப்ரூஃப் உறை. ஆனால் உறைமேல் கூழ் படிந்தால் திரை தொடுதலைக் கேட்காது. வால்யூம் பட்டனில் படம் எடுக்கிற மாதிரி முன்பே வைத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை ஓட்டலில் விட்டு நகல் மட்டும் எடுத்து வாருங்கள். ஜிப் கவரில் 20 யூரோ போதும்.

இந்த விழாவை ஸ்பெயின் முழுக்க அறிமுகப்படுத்தியது தொலைக்காட்சிதான். 1945 ஆகஸ்ட் கடைசிப் புதனன்று, பெரிய பொம்மை உருவங்களின் ஊர்வலத்தில் இளைஞர்களுக்குள் ஏற்பட்ட தகராறு பக்கத்துக் காய்கறிக் கடையின் தக்காளியை வாரி எறிவதில் முடிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து வீட்டிலிருந்தே தக்காளி கொண்டுவந்து அடித்துக்கொண்டார்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் 1950களில் தடை வந்தது. 1957இல் ஒரு பெரிய தக்காளியைச் சவப்பெட்டியில் வைத்து, இறுதிச் சடங்கு இசையோடு ஊர்வலம் நடத்தித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். தடை பிறகு நீங்கியது. 1980 முதல் தக்காளியை ஊர் நிர்வாகமே வாங்கித் தருகிறது. ஆனாலும் அது உள்ளூர் விஷயமாகவே இருந்தது. 1983இல் அரசுத் தொலைக்காட்சியின் ‘இன்ஃபோர்மே செமனால்’ நிகழ்ச்சிக்காகச் செய்தியாளர் ஹவியேர் பசீலியோ செய்த தொகுப்பு ஒளிபரப்பான பிறகே வெளியூர்க் கூட்டம் பெருகியது. 2002இல் சர்வதேசச் சுற்றுலா ஈர்ப்புள்ள விழா என்ற அங்கீகாரம் கிடைத்தது. இந்தியாவிலிருந்து கூட்டம் போகத் தொடங்கியதற்கு 2011இல் வந்த ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ என்ற இந்திப் படம் காரணம். அதே ஆண்டு பெங்களூரிலும் மைசூரிலும் இதே மாதிரி நடத்தக் கிளம்பியவர்களுக்குக் கர்நாடக அரசு அனுமதி மறுத்தது.

சினிமாவை மனதில் வைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் வருகிற தக்காளிச் சண்டைப் பாட்டு விழா நாளில் எடுத்ததில்லை, தனியாகத் தக்காளி வரவழைத்துப் படமாக்கியது. உண்மையான தெருவில் ஆட இடமிருக்காது. டிவி கேமராக்களும் மாடியிலிருந்து கீழே பார்த்தே எடுக்கின்றன. செந்நிற ஆறு மாதிரி அழகாகத் தெரியும். கீழே நிற்பவருக்குத் தெரிவது எதிரில் இருக்கும் மூன்று பேரின் முகம் மட்டுமே. அந்த மூன்று பேரும் முன்பின் தெரியாதவர்கள், பத்து நிமிடத்தில் சொந்தக்காரர்களைப் போல் சிரித்துக்கொண்டு அடித்துக்கொள்வீர்கள். இதற்காகத்தான் போக வேண்டும்.

சாப்பாட்டை மிதிக்கலாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளியை நாலைந்தாக எண்ணி வாங்கிய நமக்கு, 120 முதல் 150 டன்னை ஒரு மணி நேரத்தில் நசுக்குவது உறுத்தத்தான் செய்யும். அண்மை ஆண்டுகளில் தக்காளி வருவது எக்ஸ்த்ரெமதுரா மாநிலத்தின் தோன் பெனித்தோ பகுதியிலிருந்து. சாப்பாட்டு மேசைக்குப் போகிற ரகம் கிடையாது, அளவுக்கு மேல் பழுத்தது, இந்த விழாவுக்கென்றே தருவிப்பது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். அந்த விளக்கம் ஓரளவு நியாயமானது. நிலமும் தண்ணீரும் செலவாகின்றன என்பதும் உண்மை. இது மனதை உறுத்தும் என்று தெரிந்தவர்கள் போகாமல் இருப்பதே சரி, போன பிறகு அதை நினைத்து விலகி நிற்க அங்கே இடமில்லை.

ஒரு மணிக்கு இரண்டாவது வெடி. உடனே தீயணைப்பு வண்டிகளும் ஹோஸ் குழாய்களும் இறங்கிவிடும். தார்ப்பாயை உருவி, கூழைத் தள்ளி, சில மணி நேரத்தில் தெருவைப் பழையபடி ஆக்கிவிடுகிறார்கள். தக்காளிப் புளிப்பில் ஊறிய கல் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கும், புளி போட்டுத் தேய்த்த பித்தளைப் பாத்திரம் போல. இந்தத் துப்புரவு வேலைக்கு முழு மதிப்பெண். குளிக்கிற ஏற்பாட்டுக்கு அவ்வளவு தர முடியாது. பொதுக் குளியல் இடங்களில் வரிசை நீளம், தண்ணீர் சில்லென்றிருக்கும், மறைவு கிடையாது. வாசலில் நின்று தாங்களே ஹோஸ் பிடிக்கிற வீட்டுக்காரர்கள்தான் உண்மையில் ஆளைக் காப்பாற்றுகிறார்கள். காத்திருந்து, குளித்து, நன்றி சொல்லிவிட்டு நகருங்கள், அடுத்தவர் பின்னால் நிற்பார். சோப்பு வேண்டாம், முதலில் தலையிலிருந்து கீழாக விதையை மட்டும் கழுவினால் போதும், மீதியை ஓட்டலில் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் பெரிய சண்டையைவிட, அதற்கு முந்தின சனிக்கிழமை நடக்கிற சிறுவர் டொமாட்டினாவைப் பாருங்கள். 4 முதல் 14 வயது வரையிலானவர்களுக்கு, லாரியும் நெரிசலும் இல்லாமல் நடக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள், அண்மையில் கண் அறுவை செய்தவர்கள், கர்ப்பிணிகள், மூட்டுவலிக்காரர்கள் புதன்கிழமைச் சதுக்கத்துக்குள் போகவே கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து போவதென்றால் ஷெங்கன் விசா (ஸ்பெயினும் சேர்ந்த பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். கட்டணம் 90 யூரோ, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகஸ்ட் கோடை விடுமுறைக் கூட்டத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம் என்பதால் ஏப்ரல், மே மாதத்திலேயே தொடங்குங்கள். வலென்சியாவுக்கு நேர் விமானம் இல்லை. மாட்ரிட் போய் அதிவேக ரயில் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். புன்யோலில் தங்குமிடம் மிகக் குறைவு, வலென்சியாவில் அறை எடுங்கள், செவ்வாய், புதன் இரண்டு இரவும். புதன் இரவே கிளம்புகிற டிக்கெட் போடாதீர்கள், பஸ் தாமதமானால் தவறவிடுவீர்கள். 2026இல் கடைசிப் புதன் ஆகஸ்ட் 26.